சொல்லி உடறனுங்க

பதினோரு வயதுப் பெண் ஒருத்தி பந்தை உதைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். உங்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது எது? பந்தா, அவளுடைய வெறுங்காலா? "பந்துதான்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் அவள் அம்மாவையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்புறமும் அதே பதில்தானா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் பெயர் முத்துப்பேச்சி. திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். குறை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிறிய ஸ்டிக்கரை ஒட்டித் தையல்காரரிடமே திருப்பி அனுப்புவாள். சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊர்க்காரி. எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவள். இருட்டோடு வரும் ஆபீஸ் வேனைப் பிடிக்க ஓடினாள். பிறகு தண்ணீர் லாரியைப் பிடிக்க ஓடினாள். கல்யாணமாகித் திருப்பூர் வந்த பின் ஷிப்ட் மணியைப் பிடிக்க ஓடினாள். அவள் வாழ்க்கையில் ஓடிய ஓட்டம் எல்லாம் எதையாவது பிடிப்பதற்காகத்தான். ஓடுவதற்காகவே ஒருத்தி ஓடலாம் என்பது, மகள் வேல்விழி பந்தோடு ஓடுவதைப் பார்க்கும்வரை அவளுக்குத் தெரியாது.

அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு காலி சைட் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லிங்கசாமி என்ற தையல்காரர் அங்கே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பந்து விளையாடுவார். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், கால்பந்து அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. வேல்விழி முதலில் பந்து பொறுக்கிப் போடத்தான் போனாள். ஒரு மாதத்தில் பையன்கள் அவளிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியாமல் பாவாடையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். மறுவாரம் அவள் அப்பாவின் அரைக்கால் சட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"மதினி, இந்தப் பிள்ள கால் சும்மா கால் இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார் லிங்கசாமி.

"வேற என்ன, யானைக் காலா?" என்றாள் முத்துப்பேச்சி. சிரித்துவிட்டு உள்ளே போனவள், அடுப்பைப் பற்றவைக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மகள் எதையும் பிடிக்க ஓடவில்லை. யாருக்கும் பயந்து ஓடவில்லை. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழ, பல்லெல்லாம் தெரிய ஓடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முத்துப்பேச்சியின் மனதில் ஓர் ஆசை விழுந்தது. ஏழை வீட்டில் ஆசை விழுவது கூரையில் பொறி விழுவது போல. அணைக்கவும் மனம் வராது, அப்படியே விட்டுவைக்கவும் முடியாது.

2006 கோடை விடுமுறை முடியும் சமயம், ஊரில் ஒரு கால்பந்து கிளப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அணி ஆரம்பிப்பதாக லிங்கசாமி சேதி கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை டிரையல்ஸ். யார் வேண்டுமானாலும் வரலாம்.

முத்துப்பேச்சியின் கணவர் சோணைமுத்து அயர்ன் மாஸ்டர். காலை முதல் இரவு வரை நீராவிக்கு நடுவில் நிற்கிறவர் என்பதால் பேச்சும் கொதித்துத்தான் வரும். "பொட்டப்பிள்ளைக்குப் பந்து எதுக்கு? சமைஞ்ச பெறகு எவன் கட்டுவான்?"

"கால் வலுவா இருந்தா, கட்டுனவன் அடிக்க வந்தாத் திருப்பி ஒதைச்சுக்கிரும்" என்றாள் முத்துப்பேச்சி.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கூட்டிட்டுப் போ. கம்பெனி டிரையல் மாதிரிதான இருக்கும்? ஓடுனா ஓடும், ஓடலைன்னா அரை மணியில சொல்லிருவாக."

கம்பெனி டிரையல் இருவருக்கும் தெரியும். புதிதாக வரும் தையல்காரருக்கு ஒரு துண்டைக் கொடுத்துத் தைக்கச் சொல்வார்கள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "நாளைக்கு வா" என்பார், இல்லையென்றால் "கை வரல, கெளம்பு" என்பார். அவமானம்தான். ஆனால் மத்தியானத்துக்குள் அடுத்த கம்பெனி வாசலுக்குப் போய்விடலாம்.

டிரையல்ஸ் அன்று மைதானத்தில் கார்கள் நின்றன. குடை பிடித்த அம்மாக்கள், பிளாஸ்க், குளுக்கோஸ் டப்பா, மகளின் பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்டும் அப்பாக்கள். "கண்ணு, வலப்பக்கமே நில்லு, சார் அங்கதான் பாக்கறாரு" என்று ஒருவர் ஓதினார். இன்னொருவர் மகளுக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசி, முழங்காலிலும் கொஞ்சம் பூசினார். பிறப்பால் கிடைத்த சலுகையெல்லாம் போதாதென்று சாமியிடமும் சிபாரிசு!

பட்டுப்போல மெதுவாகப் பேசும் ஓர் அம்மா முத்துப்பேச்சியைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க. பாப்பா உங்க பொண்ணுங்களா? நல்ல சுறுசுறுப்புங்க. உங்க கம்பெனி எதுங்க?"

முத்துப்பேச்சி தான் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரைச் சொன்னாள். திருப்பூரில் வேலை செய்கிறவர்களும் "நம்ம கம்பெனி" என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மா உடனே நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். "ஆர்டரெல்லாம் எப்படிங்க போகுது? எங்களுக்கு இந்தத் தடவ இத்தாலிக்காரன் இழுத்தடிக்கறானுங்க."

"அது தெரியலங்க. நான் செக்கிங்ல இருக்கேன்."

அந்த அம்மாவின் சிரிப்பு குறையவில்லை. அப்படியே முகத்தில் நின்றது. கண் மட்டும் கீழே இறங்கி முத்துப்பேச்சியின் ரப்பர் செருப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "அப்படீங்களா. எந்தப் பக்கமுங்க நீங்க?" ஊரைக் கேட்பது போல வேறொன்றைக் கேட்கிற கலை நம் நாட்டில் எல்லோருக்கும் கைவந்தது. முத்துப்பேச்சி ஊரை மட்டும் சொன்னாள். சிறிது நேரத்தில் நாற்காலி வேறொருவருக்குத் தேவைப்பட்டது.

அதெல்லாம் அவளை வருத்தவில்லை. அவள் கண் மைதானத்தில் இருந்தது. பூட்ஸ் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் வேல்விழி வெறுங்காலோடு ஓடினாள். ஏற்றுமதியில் ஒதுக்கப்பட்ட ஒரு பச்சைச் சட்டை, அதில் யாருக்கும் புரியாத பாஷையில் எழுத்து. மூன்று பேரைத் தாண்டி அவள் பந்தைக் கோலுக்குள் தள்ளியபோது, பயிற்சியாளர் ஆறுமுகசாமி தன்னை மறந்து கைதட்டினார். தட்டிய கையை உடனே பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். இரண்டையும் முத்துப்பேச்சி பார்த்தாள். முதலாவது மட்டும் அவள் நினைவில் நின்றது.

முடிந்ததும் அவரே அருகில் வந்தார். நல்ல மனிதர், கனிவான முகம். "பாப்பா நல்லா ஆடுச்சுங்க. போன் நம்பர் குடுத்துட்டுப் போங்கம்மா. சொல்லி உடறனுங்க."

வீட்டுக்காரம்மா நஞ்சம்மாளின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, முத்துப்பேச்சி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். மிதந்தாள் என்றும் சொல்லலாம்.

"என்னம்மா சொன்னாக?"

"சொல்லி விடுறேன்னு சொல்லியிருக்காக."

அந்தச் சொல்லுக்கு அவள் ஊரில் ஒரு பொருள் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் பிடிக்காவிட்டால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் அக்காவுக்கு அப்படி நடந்தது. "நெறம் பத்தாது, வேண்டாம்" என்று பஸ் ஏறும்போது தெருவே கேட்கச் சொன்னார்கள். ஆனால் "சொல்லி விடுறோம்" என்று சொல்லிவிட்டால், அது பாதி நிச்சயம். சேதி வரும்வரை பெண் வீட்டார் வேறு யாருக்கும் பெண்ணைக் காட்டமாட்டார்கள். பெண்ணைச் சந்தையில் மாடு பார்ப்பது போல் பார்க்கிற அந்த வழக்கம் கேவலமானது. குழிதோண்டிப் புதைக்க வேண்டியது. அந்தக் கேவலத்துக்குள்ளும் சொல்லுக்கு ஒரு நாணயம் இருந்தது என்பதுதான் முத்துப்பேச்சியைக் கவிழ்த்தது.

காத்திருந்தார்கள்.

நஞ்சம்மாள் வீட்டில் போன் மணி அடித்தால் லைன் வீட்டுக் கடைசி அறை வரை கேட்கும். மணி அடித்ததும் வேல்விழி எதைச் செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிற்பாள். வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் நிற்பாள். "நூல் வந்துருச்சுங்களா? சாயப்பட்டறைக்கு அனுப்பிப் போடுங்க" என்று நஞ்சம்மாளின் மகன் பேசுவது கேட்டதும் மறுபடி மெல்லத் தொடங்குவாள். முத்துப்பேச்சி வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரம்மா வாசலில் நிற்பாள்.

"போன் வந்துச்சாங்க?"

"இல்ல கண்ணு. வந்தாச் சொல்லாமயா இருக்கப்போறன்?"

சோணைமுத்துவே மாறிவிட்டார். கம்பெனியில் சகாக்களிடம், "எம் பொண்ணு கிளப் டீமுக்கு ஆடப்போகுது" என்று சொல்லிவிட்டார். வார விடுமுறையில் கடைவீதிக்குப் போய் ஒரு ஜோடி பூட்ஸை விசாரித்துவிட்டு வந்தார். இன்னும் கொஞ்சம் பெரிதாக வாங்கினால் இரண்டு வருஷம் வரும் என்று யோசனை சொன்னார். பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று கேட்ட வாய் அது! மனிதனை மாற்றப் புராணம் தேவையில்லை. தன் பிள்ளைக்கு ஒரு வழி திறக்கிறது என்ற நம்பிக்கை போதும்.

ஜூன் பாதியில் லிங்கசாமி ஓடிவந்தார். தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பெண் பிள்ளைகளைக் கால்பந்துக்காகவே எடுக்கிறார்கள், விடுதியில் தங்கிப் படிக்கலாம், வருகிற சனிக்கிழமை தேர்வு, தானே கூட்டிப்போகிறேன் என்றார்.

வேல்விழி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல தம்பி," என்றாள் முத்துப்பேச்சி. "கிளப்புல சொல்லி விடுறேன்னு சொல்லியிருக்காக. நாளைக்கு அவுக கூப்புடயில பிள்ளை தாராபுரம் போயிருச்சுன்னா, அவுக மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"மதினி, ஒங்க பிள்ளைய என்ன நிச்சயமா பண்ணிட்டுப் போயிருக்காவ? ரெண்டுலயும் காலை வைங்க. எது கெடைக்கோ அதுல நிக்கட்டும்."

"ரெண்டு வீட்டுக்கு வாக்குக் குடுக்குற பழக்கம் எங்களுக்கு இல்ல."

லிங்கசாமி தலையில் அடித்துக்கொண்டு போனார். சனிக்கிழமை வந்தது, போனது. அன்று பூராவும் வேல்விழி காலி சைட்டின் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டே இருந்தாள். சுவர் ஒவ்வொரு முறையும் பந்தைத் திருப்பிக் கொடுத்தது.

அதற்குப் பின் ஒரு மாலை, முத்துப்பேச்சி வழக்கம்போல வந்து கேட்டபோது நஞ்சம்மாள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தெனமும் கேக்கறயே, அந்தச் சாரு என்னதான் சொன்னாரு? அப்படியே சொல்லு பாக்கலாம்."

"சொல்லி உடறனுங்கன்னு சொன்னாருங்க."

நஞ்சம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட எஞ்சாமி! அதுக்கா இத்தன நாளாக் காத்துட்டு இருக்கறே? எங்கூர்ல அதுக்கு இல்லீன்னு அர்த்தம் கண்ணு!"

முத்துப்பேச்சி நின்ற இடத்திலேயே நின்றாள். நஞ்சம்மாளின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மூஞ்சிக்கு நேரா ஆராச்சும் இல்லீன்னு சொல்லுவாங்களா? மரியாத இல்லீல்ல? நானே உங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பன். கொழாய் கேட்டே, 'பாக்கலாங்கண்ணு'ன்னன். செவுத்துக்கு வெள்ளையடிக்கக் கேட்டே, 'பண்ணிக்கலாங்கண்ணு'ன்னன். நடந்துச்சா?"

நடக்கவில்லை. குழாய்க்காக முத்துப்பேச்சி இரண்டு வருஷமாக அந்த அம்மாவை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகவே மைதானத்துக்குப் போனாள். புது அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் நீலச் சட்டை, முதுகில் எண். காப்பி கொடுத்த அம்மாவின் மகள் கோலுக்கு முன்னால் நின்று, வந்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாள். பந்து எங்கோ போனது. பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

ஆறுமுகசாமி அவளைப் பார்த்துவிட்டார். "வாங்கம்மா, நல்லா இருக்கறீங்களா? பாப்பா சௌக்கியங்களா? நானே சொல்லி உடலாம்னு—"

"சார், இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க."

அவர் திகைத்தார். சுற்றிலும் பார்த்தார்.

"எதுல குறைன்னும் சொல்லுங்க. ஓட்டத்துலயா, ஒதையிலயா? பூட்ஸ் இல்லாததா? சொன்னா சரிபண்ணிக்கிருவோம்ல? பிள்ளை தெனமும் கேக்குது, சார். நான் எதைச் சொல்ல?"

ஆறுமுகசாமி அவளைச் சுவரோரமாக அழைத்துப் போனார். குரல் தாழ்ந்தது. "பாப்பா மேல ஒரு குத்தமும் இல்லீங்க. வந்ததுலயே அதுதானுங்க நல்லா ஆடுச்சு. எடுக்க வேண்டிய புள்ளைங்களக் கமிட்டில முன்னாலயே முடிவு பண்ணிட்டாங்க. இது பொது மைதானமுங்களா, எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்த மாதிரி இருக்கணும்னு டிரையல்ஸ் வெச்சாங்க. நானும் சம்பளக்காரனுங்க."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"மனசு நோகுமேன்னுதானுங்க."

"நொந்திருப்பேன் சார்," என்றாள் முத்துப்பேச்சி. "நொந்துக்கிட்டே தாராபுரம் போயிருப்பேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை. திரும்பி நடக்கும்போது பந்து ஒன்று உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது. "ஆன்ட்டி, பால்!" என்று ஒரு குழந்தை கத்தியது. முத்துப்பேச்சிக்கு உதைக்கத் தெரியாது. குனிந்து எடுத்துக் கையால் கொடுத்தாள்.

வீட்டு வாசலிலேயே வேல்விழி நின்றிருந்தாள். அம்மா எங்கே போனாள் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இல்லைன்னுட்டாக, தாயி."

"எதுல குறையாம்?"

"குறையே இல்லையாம்."

"அப்பறம் ஏன் எடுக்கல?"

முத்துப்பேச்சிக்குப் பதில் தெரியும். பதினோரு வயதுப் பிள்ளையிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. கம்பெனியில் ஆயிரக்கணக்கான சட்டைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். குறையில்லாத சட்டையை ஒருநாளும் அனுப்பியதில்லை. அம்புக்குறியை எங்கே ஒட்டுவது?

உள்ளேயிருந்து சோணைமுத்துதான் சொன்னார்: "எல்லாம் தலையெழுத்து."

தலையெழுத்தாம்! எந்தக் கடவுளும் அந்தப் பிள்ளையின் தலையில் எதையும் எழுதவில்லை. பொது மைதானத்தைச் சொந்தத் தோட்டமாக நினைத்த நாலைந்து மனிதர்கள், காப்பி குடித்துக்கொண்டே பட்டப்பகலில் எடுத்த முடிவு அது. விதி என்று பெயர் வைத்தால் அவர்களுடைய பெயரைச் சொல்லவேண்டியதில்லை. அந்த வசதிக்காகத்தான் விதியையே கண்டுபிடித்தார்கள். முத்துப்பேச்சிக்கு இவ்வளவு பேசத் தெரியாது. "எழுதுனவன் கையில பேனாதான இருந்துச்சு? சூலமா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் லிங்கசாமி தாராபுரத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். இடம் நிரம்பிவிட்டது. ஆறாம் வகுப்பில்தான் சேர்ப்பார்களாம், அடுத்த வருஷம் ஏழாம் வகுப்பில் எடுக்க மாட்டார்களாம். அந்தப் பள்ளிக்கூடத்தார் முடியாது என்பதை ஒரே மூச்சில், தெளிவாகச் சொன்னார்கள். அதற்காக முத்துப்பேச்சி அவர்களை வாழ்த்தினாள்.

இப்போது வேல்விழி ஒன்பதாம் வகுப்பு. காலி சைட்டில் ஒரு நிட்டிங் கம்பெனி எழும்பிவிட்டது. பகலும் இரவும் எந்திரம் ஓடுகிறது. லிங்கசாமி ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். வேல்விழி பந்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் எங்காவது, யார் வீட்டிலாவது போன் மணி அடித்தால், பேசிக்கொண்டிருக்கும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு நொடி நிற்கிறாள். அவளுக்கே அது தெரியாது. முத்துப்பேச்சிக்குத் தெரியும். மகள் மறுபடி பேசத் தொடங்கும்வரை அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக நேர்ந்தால், தாராபுரம் பஸ் புறப்படும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். ஜன்னலோர இருக்கைகளில் இரட்டைச் சடை போட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்கள் காலைப் பார்க்கிறாள். வெளியே இருந்து பார்த்தால் கால் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

இதைப் படித்துவிட்டு ஆறுமுகசாமியைத் திட்ட வேண்டாம். அவரைப் போல நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒரு நல்லவராக இருக்கக்கூடும். உங்களிடம் வேலை கேட்டு, வீடு கேட்டு, பிள்ளைக்கு ஓர் இடம் கேட்டு வந்து, "பார்க்கலாம், சொல்லி அனுப்புகிறேன்" என்ற சொல்லைப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்டு போன ஒருவர் எங்கோ காத்திருக்கிறார். முகம் நினைவிருக்கிறதல்லவா? இன்று பொழுது சாய்வதற்குள் அவரைக் கூப்பிடுங்கள். முடியும் என்றால் முடியும் என்றும், முடியாதென்றால் முடியாதென்றும், எதனால் முடியாது என்றும் சொல்லிவிடுங்கள். அவருக்கும் ஒரு தாராபுரம் பஸ் இருக்கும். அது புறப்படும் முன் சொல்லுங்கள்.